ஐரிஷ் தாத்தா எந்த ஊர்? பழைய பதிவேடுகளில் தேடத் தொடங்குபவர்களுக்கு

ஐரிஷ் வம்சாவளியைத் தேடப் போகிறேன் என்று வாயைத் திறந்ததுமே யாராவது ஒருவர் "அதெல்லாம் 1922-லேயே எரிஞ்சு போச்சே" என்பார். பாதிதான் உண்மை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போர் தொடங்கி இரண்டு மூன்று நாளிலேயே, டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி, சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற ஆங்கிலிக்கன் சபையின் பங்குப் பதிவேடுகளில் பாதிக்கும் மேல், அசல் உயில்கள் எல்லாம் அதில் போய்விட்டன. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசாங்கமே முன்பே அழித்துவிட்டது, 1881-ம் 1891-ம் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின, அதற்கெல்லாம் தீயைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் அந்தக் கட்டடத்தில் இல்லை. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தக் கோவிலிலேயே இருந்தன. கிரிஃபித் மதிப்பீடு என்ற நில, வீட்டு வரிப் பட்டியல் அச்சில் வந்துவிட்டது. 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுசாக இருக்கின்றன. ஒரு சாதாரண விவசாயக் குடும்பத்தை 1820-கள் வரை கொண்டுபோக இவை பெரும்பாலும் போதும், அதற்கு முன்னால் போவது பெரிய நிலச்சுவான்தார் குடும்பமாக இருந்தாலொழிய கஷ்டம். இதை ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொண்டால் பிற்பாடு ஏமாற்றம் இருக்காது.

தமிழில் இதைப் படிப்பவர்களில் சிலர் சென்னை, திருச்சிப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம், சிலருக்குக் கணவரோ மனைவியோ மருமகளோ ஐரிஷ் வழியாக இருக்கலாம். சிலருக்கு நேரான ஒரு காரணமும் உண்டு: தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்தவர் என்று சான்றிதழோடு நிரூபித்தால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் சேர்த்து ஐரிஷ் குடியுரிமை பெறலாம். எந்தக் காரணமானாலும் வழி ஒன்றுதான், அதில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடமும் ஒன்றுதான். பெயரை வைத்துத் தேடுகிறார்கள். ஐரிஷ் தேடலில் பெயரை விட ஊர்தான் முக்கியம். மர்ஃபியும் சல்லிவனும் கெல்லியும் ஆயிரக்கணக்கில் இருக்கும் நாட்டில் "பேட்ரிக் மர்ஃபி, சுமார் 1840" என்பதற்கு அர்த்தமே கிடையாது.

முதல் படி: அயர்லாந்துக்குள் இப்போதைக்குப் போகாதீர்கள்

குடும்பம் எந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்ததோ அந்த நாட்டு ஆவணங்களை முதலில் கசக்கிப் பிழிய வேண்டும். வீட்டில் இருக்கிற வயதானவர்களிடம் இன்றைக்கே பேசுங்கள், பழைய பைபிளின் முதல் பக்கம், கடித உறைகளின் முத்திரை, புகைப்படத்தின் பின்பக்கம், இறந்தவர் நினைவாக அடித்த பிரார்த்தனை அட்டை எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வையுங்கள். அப்புறம் இறப்புச் சான்று, பத்திரிகை இரங்கல் குறிப்பு, கல்லறைக் கல், கோவில் திருமணப் பதிவு, குடியுரிமை விண்ணப்பம், ராணுவ ஓய்வூதியக் கோப்பு. இவற்றில் ஏதாவது ஒன்றில் அயர்லாந்து என்பதைத் தாண்டி ஒரு கவுண்டியோ (நம் மாவட்டம் மாதிரி) ஒரு பாரிஷோ (அதற்குள் இருக்கும் பங்கு) எழுதியிருக்கும்.

அமெரிக்கா என்றால் ஆண்டுகளைக் கவனியுங்கள். பஞ்சக் காலத்து, அதாவது 1845-க்கும் 1852-க்கும் இடைப்பட்ட கப்பல் பட்டியல்களில் பெரும்பாலும் "அயர்லாந்து" என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 1907-க்குப் பிறகு வந்தவரென்றால் யோகம்தான், சொந்த நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் பட்டியலிலேயே கேட்டு எழுதியிருப்பார்கள். 1906-க்குப் பிந்தைய குடியுரிமைக் கோப்புகளிலும் பிறந்த இடம் தெளிவாக வரும். இன்னொரு அருமையான இடம் பாஸ்டன் பைலட் பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை வந்த "காணாமல் போன நண்பர்கள்" விளம்பரங்கள். அண்ணனைத் தேடும் தங்கை, கணவனைத் தேடும் மனைவி கொடுத்தவை, கவுண்டி, பாரிஷ், சில சமயம் சின்ன ஊர்ப்பெயர் வரைக்கும் சொல்லியிருப்பார்கள். பாஸ்டன் கல்லூரி அவற்றைத் தொகுத்து இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறது.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் ஊரை அப்படியே நம்ப வேண்டாம். "நாங்கள் கார்க் ஊர்க்காரர்கள்" என்பது பல வீடுகளில் கார்க் துறைமுகத்தில் கப்பல் ஏறியதை மட்டும் குறிக்கும், ஆள் கிளேரிலிருந்தோ டிப்பரரியிலிருந்தோ நடந்து வந்திருப்பார்.

உங்கள் நேர் மூதாதையர் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரையும் தேடுங்கள். ஐரிஷ்காரர்கள் தனியாகக் கிளம்பவில்லை, ஒருவர் போய் வேலை தேடிப் பணம் அனுப்ப அடுத்தவர் வந்தார், அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். திருமணச் சாட்சி, பிள்ளைகளின் ஞானப்பெற்றோர், ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள்தான். தாத்தாவின் கல்லறையில் ஊர் இல்லாமல் அவர் சித்தப்பா மகனின் கல்லறையில் ஊர் இருப்பது சர்வசாதாரணம்.

இரண்டாவது படி: ஊர் என்றால் எந்த ஊர்?

இங்கேதான் புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தீவில் 32 கவுண்டிகள். அவற்றுக்குள் பேரனி என்ற பழைய பிரிவு, அதற்குள் சிவில் பாரிஷ், அதற்குள் டவுன்லேண்ட். டவுன்லேண்ட்தான் ஆகச் சிறிய அலகு, 60,000-க்கும் மேல் இருக்கின்றன, சிலவற்றில் மூன்று வீடுதான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தப் பெயர். இது போதாதென்று இதற்குக் குறுக்கே இன்னும் இரண்டு வலைகள் ஓடுகின்றன: பிறப்பு, இறப்பைப் பதிவு செய்ய ஏழைச் சட்ட ஒன்றியங்கள் என்ற ஏழைகள் நிவாரணப் பிரிவுகளை ஒட்டிய பதிவு மாவட்டங்கள் ஒரு பக்கம், கத்தோலிக்கப் பங்குகளும் மறைமாவட்டங்களும் மறுபக்கம். இந்த மூன்றின் எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்தாது, பெயர்களும் பல இடத்தில் வேறு.

ஒரு உண்மையான இடத்தை வைத்தே பார்ப்போம். கார்க் கவுண்டியின் மேற்கு முனையில் பேரா தீபகற்பம், அதன் நுனியில் அலிஹீஸ். 19-ஆம் நூற்றாண்டில் செம்புச் சுரங்கம் இருந்த ஊர், சுரங்கம் படுத்த பிறகு அங்கிருந்து கூட்டம் கூட்டமாக மான்டானாவில் இருக்கும் பியூட் செம்புச் சுரங்கங்களுக்குப் போனார்கள், பியூட்டில் சல்லிவன்களும் ஹாரிங்டன்களும் குவிந்தது அப்படித்தான். இப்போது அலிஹீஸ் குடும்பம் ஒன்றைத் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். கவுண்டி கார்க், பேரனி 'பேர்' (Bear), சிவில் பாரிஷ் கில்னமனா, பிறப்புப் பதிவுக்கு காசில்டவுன். கத்தோலிக்கப் பங்கு அலிஹீஸ், ஆனால் அது சேர்ந்திருப்பது கார்க் மறைமாவட்டத்தில் இல்லை, கெர்ரி மறைமாவட்டத்தில்! கார்க் கோவில் பதிவேடுகளில் எத்தனை மாதம் தேடினாலும் கிடைக்காது. இந்த மாதிரிக் குழப்பம் எல்லைப் பகுதிகளில் நிறைய உண்டு, அதனால் தேடலைத் தொடங்கும் முன் உங்கள் டவுன்லேண்டுக்கு இந்த ஐந்து பெயர்களையும் ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டி வையுங்கள். டவுன்லேண்ட்ஸ் டாட் ஐஇ தளத்தில் வரைபடத்தோடு பார்க்கலாம், லாகின்ம் டாட் ஐஇ என்பது ஊர்ப்பெயர்களுக்கான அரசுத் தரவுத்தளம், ஐரிஷ் வடிவமும் அங்கே இருக்கும். ஒரே பெயரில் பல கவுண்டிகளில் ஊர்கள் உண்டு, கில்மோர் என்றெல்லாம் கிடைத்தால் உடனே குதிக்காதீர்கள்.

வட அயர்லாந்துக்கு ஒரு வார்த்தை. ஆன்ட்ரிம், ஆர்மா, டவுன், ஃபெர்மானா, டெர்ரி, டிரோன் ஆகிய ஆறு கவுண்டிகளுக்கு 1922 முதலான பதிவுகளும் பல ஆவணங்களும் பெல்ஃபாஸ்டில். அல்ஸ்டர் என்று சொன்னால் அதில் டோனகால், கேவன், மோனஹன் என்று இன்னும் மூன்று சேரும், அவை தெற்குக் குடியரசில் இருக்கின்றன.

மூன்றாவது படி: அரசுப் பதிவுகள்

கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்கள் 1845 ஏப்ரல் முதல், எல்லோருக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் 1864 ஜனவரி முதல் பதிவாகின்றன. ஐரிஷ் ஜீனியாலஜி டாட் ஐஇ என்ற அரசுத் தளத்தில் பிறப்பு நூறு ஆண்டுக்கும், திருமணம் 75 ஆண்டுக்கும், இறப்பு 50 ஆண்டுக்கும் முந்தையது என்றால் பதிவேட்டுப் பக்கத்தையே படமாக, காசில்லாமல் பார்க்கலாம். பணம் கட்டும் தளங்களுக்குப் போகும் முன் இங்கே வேலையை முடியுங்கள். ஆறு வடக்குக் கவுண்டிகளுக்கும் 1921 வரை இதிலேயே தேடலாம், அதற்குப் பிறகு பெல்ஃபாஸ்ட் பதிவு அலுவலகத்தின் தளத்தில் கட்டணம் உண்டு.

மூன்றில் எது எதைத் தரும் என்று தெரிந்து தேடினால் நேரம் மிச்சம். பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் வரும், அதுதான் தங்கம். திருமணப் பதிவில் மணமக்களின் தகப்பன்மார் பெயரும் தொழிலும் இருக்கும், தாய்மார் பெயர் இருக்காது. திருமணம் வழக்கமாகப் பெண்ணின் பங்கில்தான் நடக்கும், அதனால் மாப்பிள்ளை ஊரில் தேடி ஓயாதீர்கள். தவக்காலத்தில் கத்தோலிக்கக் கல்யாணம் கிடையாது, எனவே அதற்கு முந்தைய வாரங்களில், பெரும்பாலும் பிப்ரவரியில், பதிவுகள் குவிந்து கிடக்கும். இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இல்லை, ஆனால் தகவல் கொடுத்தவர் யார் என்று இருக்கும், அது மகளாகவோ மருமகனாகவோ இருந்தால் புதிய குடும்பப் பெயர் ஒன்று கையில் கிடைக்கும்.

தேதிகளை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாமதமாகப் பதிந்தால் அபராதம், அதனால் அப்பா பதிவாளரிடம் போகும்போது குழந்தை பிறந்த தேதியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சொல்லிவிடுவார். விளைவு, கோவிலில் ஞானஸ்நானம் மார்ச் 3, அரசுப் பதிவில் பிறப்பு மார்ச் 20 என்று வரும். இரண்டு குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள், ஒரே குழந்தைதான். கோவில் தேதியை நம்புங்கள்.

எழுத்துக்கூட்டல் பற்றிக் கறாராக இருக்கக் கூடாது. சல்லிவனும் ஓ'சல்லிவனும் ஒரே ஆள், கார்த்தியும் மெக்கார்த்தியும் ஒரே ஆள், கேவனில் ஸ்மித் என்பவர் அடுத்த பதிவில் மெக்கோவன் ஆகியிருப்பார். பிரிட்ஜெட் என்பவள் பிடி, பிரைடி, அமெரிக்கா போனால் டீலியா. ஹனோரா என்றால் நோரா. ஜெரமையா என்றால் டார்பி, ஜெர்ரி. முதல் சில எழுத்தோடு நட்சத்திரக் குறி போட்டுத் தேடப் பழகுங்கள்.

நான்காவது படி: 1901, 1911 கணக்கெடுப்பு

அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இரண்டும் முழுதாக, இலவசமாக இருக்கின்றன. 1901 மார்ச் 31, 1911 ஏப்ரல் 2 இரவுகளில் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்ற கணக்கு. பலர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள், அதற்குப் பின்னால் இருக்கும் படங்களைத் திறக்க வேண்டும். குடும்பத் தலைவரே நிரப்பிய படிவத்தில் கையெழுத்து இருக்கும், எழுதத் தெரியாதவர் என்றால் பெருக்கல் குறி போட்டிருப்பார். படிக்கத் தெரியுமா, ஐரிஷ் பேசுவாரா, என்ன மதம், எந்தக் கவுண்டியில் பிறந்தார் என்று வரிசையாகக் கட்டங்கள். 1911 படிவத்தில் திருமணமான பெண்ணுக்கு மட்டும் மூன்று கட்டங்கள் கூடுதல்: கல்யாணமாகி எத்தனை வருஷம், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இன்று உயிரோடிருப்பவர்கள் எத்தனை. 11 பிறந்து 7 இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தால், வீட்டில் நான்கு பேர்தான் அந்த இரவு இருந்தார்கள் என்றால், மிச்சம் மூன்று பேர் எங்கோ போயிருக்கிறார்கள், இறந்த நான்கு பேரின் பதிவுகளும் எங்கோ இருக்கின்றன. உங்கள் அடுத்த தேடல் அங்கேயே தயாராக இருக்கிறது.

அதோடு காவலர்கள் நிரப்பிய வீட்டுப் படிவத்தையும் பாருங்கள். சுவர் கல்லா மண்ணா, கூரை வேய்ந்ததா, அறை எத்தனை, முன்பக்கம் ஜன்னல் எத்தனை, நிலத்துக்குச் சொந்தக்காரர் யார். வெளிக்கட்டடங்களுக்கு இன்னொரு படிவம்: மாட்டுக்கொட்டில், பன்றிக்கொட்டில், கோழிக்கூடு எல்லாம் எண்ணி எழுதியிருப்பார்கள்.

வயதில் ஒரு வேடிக்கை உண்டு. 70 வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் 1909 ஜனவரியில் வந்தது. 1901-இல் 55 என்று சொன்னவர் 1911-இல் 71 ஆகியிருப்பார், பென்ஷன் வருகிறதென்றால் வயதும் கூடத்தான் செய்யும். ஆனால் இந்த ஓய்வூதியத்தால் நமக்கு ஒரு பெரிய லாபம். 1864-க்கு முன் பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்று இல்லை, அதனால் வயதை நிரூபிக்க 1841, 1851 கணக்கெடுப்பில் அவர்கள் பெயரைத் தேடிப் பார்த்தார்கள், அதற்காக எழுதிய படிவங்கள் தப்பித்துவிட்டன. பெற்றோர் பெயர், டவுன்லேண்ட், கணக்கெடுப்பில் என்ன கிடைத்தது என்றெல்லாம் அவற்றில் இருக்கிறது. எரிந்துபோன ஏடுகளின் ஒரு துளி. அதுவும் தேசிய ஆவணக் காப்பகத் தளத்திலேயே இலவசம், புதியவர்கள் பத்தில் ஒன்பது பேர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

1921-இல் சுதந்திரப் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அடுத்தது 1926 ஏப்ரல் 18, நூறு ஆண்டு முடிந்த பிறகே திறக்கலாம் என்பது சட்டம். தெற்கு 26 கவுண்டிகளுக்கு மட்டும்தான் அது, வடக்கின் 1926 ஏடுகள் பிழைக்கவில்லை.

ஐந்தாவது படி: கோவில் பதிவேடுகள்

1864-க்கு முன்னால் போக வேண்டுமென்றால் கோவிலை விட்டால் வழியில்லை. கத்தோலிக்கப் பதிவேடுகளின் மைக்ரோஃபிலிம் படங்களைத் தேசிய நூலகம் 2015 ஜூலையில் இணையத்தில் இலவசமாக வைத்தது, சுமார் 1880 வரை இருக்கும். அந்தத் தளத்தில் பெயர் போட்டுத் தேட முடியாது, பங்கைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பெயர் அட்டவணை ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி தளங்களில் உண்டு. ரூட்ஸ் அயர்லாந்து என்ற கட்டணத் தளத்தில் உள்ளூர் மையங்கள் எழுதியெடுத்த பிரதிகள் இருக்கின்றன, அந்தந்த ஊர்ப் பெயர்கள் பழகியவர்கள் படித்தது என்பதால் தவறு குறைவு. அட்டவணையில் கண்டுபிடித்து, தேசிய நூலகத்தின் படத்தில் சரிபார்ப்பதுதான் என் சிபாரிசு.

பக்கத்தைத் திறந்ததும் பயந்துவிடாதீர்கள். மங்கிய மை, லத்தீன், மெழுகுவர்த்திக் கறை. ஒரு வரியில் இருப்பது இவ்வளவுதான்: தேதி, குழந்தையின் பெயர், அப்பா, அம்மா, இரண்டு ஞானப்பெற்றோர், அதிர்ஷ்டம் இருந்தால் டவுன்லேண்ட். யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ், யோவான்னெஸ் ஜான், குலியெல்முஸ் வில்லியம், பிரிஜிடா பிரிட்ஜெட். அம்மாவின் பெயர் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடுதான் வரும், கல்யாணமானாலும். முதலில் ஒரு ஆண்டு முழுக்கச் சும்மா படித்துக்கொண்டே போங்கள், அந்தப் பங்குத்தந்தையின் கையெழுத்து பழகிவிடும், அவர் எந்த எழுத்தை எப்படி முறுக்குவார் என்று தெரிந்துவிடும். அப்புறம் உங்கள் ஆளைத் தேடுங்கள்.

ஞானப்பெற்றோரை விடாமல் குறித்து வையுங்கள், பாதிக்குப் பாதி அத்தையோ மாமாவோதான். பெயர் வைக்கும் முறையும் உதவும்: நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது மாதிரியே, மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாவது மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். எல்லோரும் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரே பங்கில் ஒரே காலத்தில் இரண்டு ஜான் சல்லிவன் இருந்தால் யாருடைய அப்பா டேனியல் என்று ஊகிக்க இது போதும். ஊகம் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள், ஆறு மாதம் கழித்து அதுவே உண்மையாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

ஆறாவது படி: நிலம்

1847-க்கும் 1864-க்கும் இடையில் ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் நாடு முழுவதும் வீடு, நிலத்தை மதிப்பிட்டு வரிப் பட்டியல் போட்டார்கள். ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் வரைபடத்தோடு இலவசம். குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மனைவி மக்கள் கிடையாது, ஆனால் இடது ஓரத்தில் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். எண் வரைபடத்தில் அந்த நிலத்தைக் காட்டும். பெரிய எழுத்து இருந்தால் ஒரே பண்ணையின் துண்டு நிலங்கள், சின்ன எழுத்து இருந்தால் அதற்குள் இருக்கும் வீடுகள். ஒரே எண்ணுக்குக் கீழே மூன்று நான்கு பேரை அடைப்புக்குறி போட்டுச் சேர்த்திருந்தால் நிலத்தைக் கூட்டாகப் பயிரிட்டவர்கள், பெரும்பாலும் பங்காளிகள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பக்கத்தில் அப்பா பெயரையோ சிவப்புமுடி, வெள்ளை என்ற பட்டப்பெயரையோ போட்டிருப்பார்கள். பேரா மாதிரி சல்லிவன்கள் நிறைந்த இடத்தில் அந்தப் பட்டப்பெயர்தான் கிளையைப் பிரித்துக் காட்டும், குடும்பத்தில் யாருக்காவது அது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள்.

அந்தப் பட்டியலோடு விஷயம் முடிவதில்லை. நிலம் கை மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்துவிட்டு வேறு வண்ண மையில் புதிய பெயரையும் ஆண்டையும் எழுதிவைத்த திருத்தப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒருவர் பெயர் அடிபட்டு மகன் பெயர் ஏறியிருந்தால் அதற்கு ஓரிரு ஆண்டு முன்னால் அப்பாவின் இறப்புப் பதிவைத் தேடலாம். வடக்குக் கவுண்டிகளுக்கு இவை பெல்ஃபாஸ்ட் பொது ஆவணக் காப்பகத் தளத்திலேயே இலவசம், தெற்குக்கு டப்ளினில் பழைய மதிப்பீட்டு அலுவலகத்தின் (2023 முதல் அது டெய்ல்டே ஏரன் என்ற அமைப்பில் சேர்ந்துவிட்டது) ஏடுகளைப் பார்க்க வேண்டும். கிரிஃபித்துக்கு முந்தைய தலைமுறைக்கு 1820-கள், 30-களில் போட்ட டைத் வரி (சர்ச் ஆஃப் அயர்லாந்து சபைக்காக நிலத்தின் மேல் விதித்த வரி) ஏடுகள், அதுவும் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில். நகரத்து ஏழைகளும் நிலமில்லாத கூலிகளும் அதில் வரமாட்டார்கள்.

1858 முதலான உயில் அட்டவணைகள், சின்ன நீதிமன்ற வழக்கேடுகள், 1866-இல் தொடங்கிய நாய் லைசன்ஸ் பதிவேடுகள் எல்லாம் கூட உண்டு. நாய்க்குக் கட்டிய வரியில் கொள்ளுத்தாத்தாவின் டவுன்லேண்டும் நாயின் நிறமும் வரும்!

ஏழாவது படி: ஊர்க்காரர்களிடம் கேளுங்கள்

காகிதம் நின்றுபோகும் இடத்தில் ஆட்கள் வேண்டும். அயர்லாந்து ரீச்சிங் அவுட் என்ற அமைப்பில் பாரிஷ்வாரியாகத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், பதில் சொல்வதற்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் கேட்கும் விதம் என்று ஒன்று இருக்கிறது. "என் பாட்டி மேரி கெல்லி, கால்வே, ஏதாவது தெரியுமா" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெயர், உத்தேச ஆண்டு, டவுன்லேண்ட் அல்லது பாரிஷ், கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், இதுவரை எங்கெல்லாம் தேடினீர்கள், எது ஆவணம், எது வீட்டுக் கதை, குறிப்பாக என்ன வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி. இப்படி எழுதினால் அந்த ஊரில் அந்த நிலத்தை இன்றைக்கு யார் வைத்திருக்கிறார்கள் என்பது வரை சொல்லிவிடுவார்கள். கிடைத்த பதிலுக்கு நன்றி சொல்வதோடு நீங்கள் கண்டுபிடித்ததையும் திருப்பிக் கொடுங்கள், அங்கே இருப்பவர்களுக்கு அமெரிக்கா போன தம்பியின் கதை தெரியாது.

1937 முதல் 1939 வரை தெற்கு 26 கவுண்டிகளின் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய ஊர்க்கதைகள் தூகஸ் டாட் ஐஇ தளத்தில் இருக்கின்றன. பஞ்சக் காலத்தில் எந்த வீடு காலியானது, எந்தக் கிணற்றுக்கு என்ன கதை என்றெல்லாம் ஊர்வாரியாகப் படிக்கலாம், கதை சொன்ன பெரியவரின் பெயரும் வயதும்கூட இருக்கும், அது உங்கள் குடும்பத்தவராகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இணையத்தில் கிடைக்கும் தயார் குடும்ப மரங்களை நகலெடுக்காதீர்கள். துப்பு மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்புக்கும் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு வயதில் பிள்ளை பெற்ற கொள்ளுப்பாட்டிகள் அங்கே ஏராளம்.

டிஎன்ஏ சோதனை உதவும், ஆனால் ஆவணத்துக்குப் பதிலாக இல்லை. வீட்டில் மூத்தவருக்கு முதலில் எடுங்கள், ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதி குறைந்துகொண்டே போகிறது. எத்தனை சதவீதம் ஐரிஷ் என்ற வண்ண வரைபடத்தை ரசித்துவிட்டு நகர்ந்துவிடலாம், பொருத்தப் பட்டியல்தான் விஷயம். பொருந்தியவர்களின் ஊர் எது என்று பாருங்கள், மூன்று பேர் ஒரே பாரிஷைச் சொன்னால் அங்கே தோண்டுங்கள். தீபகற்பம், தீவு மாதிரி இடங்களில் தலைமுறை தலைமுறையாக ஒன்றுக்குள் ஒன்று கட்டியிருப்பதால் தூரத்துச் சொந்தம்கூட நெருக்கமாகத் தெரியும், கொஞ்சம் கழித்தே கணக்குப் போட வேண்டும்.

மெட்ராஸ் வழியாக வந்த குடும்பங்களுக்கு

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைகளில் ஐரிஷ் ஆட்கள் ஏகப்பட்ட பேர். மெட்ராஸ் ஐரோப்பிய ரெஜிமென்ட் என்று தொடங்கிய படைதான் பிறகு ராயல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆகி, 1881-இல் பம்பாய்ப் படையோடு சேர்த்து ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆனது. மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன, ஃபைண்ட்மைபாஸ்டில் தேடலாம். ஃபிபிஸ் என்ற, பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த குடும்பங்களைத் தேடுபவர்களின் சங்கத்தின் தளத்திலும் நிறைய அட்டவணைகள் இலவசம். இந்தக் கோவில் பதிவுகள் அயர்லாந்து ஊரைச் சொல்வது அரிது. அதற்கு ராணுவக் காகிதம் வேண்டும்: பிரிட்டிஷ் படையிலிருந்து ஓய்வூதியத்தோடு வெளியேறியவர் என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 97 கோப்புகளில் பிறந்த பாரிஷும் கவுண்டியும் எழுதியிருக்கும், கம்பெனிப் படைக்காரர் என்றால் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள ஆள்சேர்ப்பு, கப்பலேற்றப் பட்டியல்கள். ரெஜிமென்ட் எண் தெரியாமல் இதில் இறங்க வேண்டாம், முதலில் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் அப்பாவின் பதவிக்குப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் கொடுத்து ஆள் வைப்பதா?

இவ்வளவும் செய்து முடித்த பிறகு, ஒரு குறிப்பிட்ட முடிச்சு அவிழவில்லை என்றால் மட்டும். அக்ரிடிட்டட் ஜீனியாலஜிஸ்ட்ஸ் அயர்லாந்து என்ற அமைப்பில் தகுதி பெற்றவர்கள் இருக்கிறார்கள். "என் குடும்ப வரலாறு வேண்டும்" என்று கொடுத்தால் பில் எகிறும், "1850-களில் இந்த டவுன்லேண்டில் இருந்த இரண்டு ஜான் சல்லிவன்களில் எவர் என் ஆள்" என்று கொடுங்கள். நேரில் டப்ளின் போகிறீர்கள் என்றால் கில்டேர் தெருவில் உள்ள தேசிய நூலகத்தில் குடும்பத் தேடலுக்கான ஆலோசனை இலவசம். போகும் முன் நேரம் என்ன என்று தளத்தில் பார்த்துக்கொண்டு, அந்த ஐந்து ஊர்ப்பெயர்த் தாளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். குடியுரிமைக்காகத் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க: இணையத்தில் இறக்கிய பதிவேட்டுப் படம் விண்ணப்பத்துக்குச் செல்லாது, அதிலிருக்கும் விவரத்தை வைத்து அதிகாரபூர்வச் சான்றிதழைப் பதிவு அலுவலகத்தில் தனியாக வாங்க வேண்டும்.